மனித உரிமை ஆய்வுக்கும் வளாக நிகழ்வுக்கும் பணம் பெறுவது எப்படி? வந்தாறுமூலை, ஒலுவில் புதியவர்களுக்கான வழிகாட்டி

இலங்கையின் கிழக்கே வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ மனித உரிமை சார்ந்த ஓர் ஆய்வை, அல்லது வளாகத்துக்குள் ஒரு கருத்தரங்கை, முதல்தடவையாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். இறுதியாண்டு மாணவர்கள், முதுமாணி மாணவர்கள், புதிதாக நியமனம் பெற்ற விரிவுரையாளர்கள், மாணவர் சங்கங்களின் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

மேய்ச்சல் தரை, காணாமல் ஆக்கப்பட்டோர், நுண்கடன், முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், மொழியுரிமை என்று ஆராய வேண்டிய விடயங்கள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் குவிந்து கிடக்கின்றன. ஆராய ஆசையுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். பணம்தான் இல்லை என்று பலர் ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நாங்கள் பார்த்தவரை, பணம் ஒதுக்கப்படாததைவிட, ஒதுக்கிய பணத்தை நேரத்துக்கு எடுக்க முடியாமல் போவதால்தான் அதிக வேலைகள் நின்றுபோகின்றன. அதனால் விண்ணப்பம் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சமும், கடிதங்களும் பில்களும் எந்த ஒழுங்கில் நகர வேண்டும் என்பதைப் பற்றி நிறையவும் சொல்லியிருக்கிறோம்.

1. ஆய்வா, நிகழ்வா என்று முதலில் பிரியுங்கள்

இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போடாதீர்கள். ஆய்வுப் பணம் ஆய்வுக் குழுவழியாகப் போகும். நிகழ்வுப் பணம் பீடாதிபதி, நிதிக்கிளை, மாணவர் நலன் என்று வேறு வழியில் போகும். "ஆய்வும் விழிப்புணர்வுக் கருத்தரங்கும்" என்று சேர்த்து எழுதினால் ஆய்வுக் குழு கருத்தரங்குச் செலவை வெட்டிவிடும், மற்றப் பக்கம் "இது ஆய்வு, எங்களுடையது அல்ல" என்று திருப்பி அனுப்பும். நடுவில் 2 மாதம் போய்விடும்.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதையும் இப்போதே பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வு மானியங்கள் அநேகமாக நிரந்தர விரிவுரையாளரின் பெயரில்தான் வரும். இளமாணி மாணவர் தன் பெயரில் எடுக்க முயல்வதில் பயனில்லை. மேற்பார்வையாளர் முதன்மை ஆய்வாளராக நிற்க, நீங்கள் ஆய்வு உதவியாளராகப் பாதீட்டில் (செலவுத் திட்டத்தில்) இடம்பெறுவதுதான் நடக்கக்கூடிய வழி. அப்படிச் செய்யும்போது, சேகரிக்கும் தரவை உங்கள் ஆய்வேட்டுக்கும் பயன்படுத்தலாம் என்று மேற்பார்வையாளரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் அந்த ஒரு வரி வேண்டும்.

நிகழ்வென்றால், மாணவர் சங்கத்தின் சிரேஷ்ட பொருளாளரிடம் முதலில் போங்கள். அந்த விரிவுரையாளரின் கையொப்பம் இல்லாமல் சங்கக் கணக்கிலிருந்து ஒரு சதமும் நகராது.

2. யாரிடம் கேட்பது

உள்ளே இருந்து தொடங்குங்கள். துறைக்கு ஒதுக்கப்பட்ட பணம், பீடத்தின் ஆய்வு மானியம், பல்கலைக்கழக ஆய்வு மானியம், பால்நிலைச் சமத்துவத்துக்கான பிரிவின் நிகழ்ச்சிப் பணம், மாணவர் சங்கப் பணம் என்று பல சிறு ஊற்றுகள் உண்டு. தொகை சிறியதாக இருக்கும், ஆனால் ஒருமுறை எடுத்துச் சரியாகக் கணக்குக் காட்டியவருக்கு அடுத்த கதவு இலகுவாகத் திறக்கும்.

நிரந்தர விரிவுரையாளராகி முதுமாணி, கலாநிதிப் பட்டம் செய்பவர் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் மானிடவியல், சமூக விஞ்ஞான உயர்கற்கைகளுக்கான தேசிய நிலையத்தின் அறிவித்தல்களைப் பாருங்கள். உரிமை சார்ந்த தலைப்புகள் அங்கே இயல்பாகப் பொருந்தும்.

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் ஆய்வுப் பணம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் மனித உரிமைக் கல்வியை அந்த ஆணைக்குழுவின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்திய அலுவலகங்களிடம் உரை நிகழ்த்த வளவாளர் ஒருவரை அனுப்பும்படி எழுத்தில் கேட்கலாம். வளவாளர் கட்டணம் என்ற வரி பாதீட்டில் இல்லாமல் போவது சிறிய உதவி அல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1991 முதல் இயங்கும் மனித உரிமைகள் கற்கை நிலையத்திடமும் பாடப்பொருள், விரிவுரையாளர் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

வெளிப்பணம் என்றால் இரண்டு வகை. நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை போன்றவை அநேகமாக அமைப்புகளுடன்தான் வேலை செய்யும். ஒரு தனி மாணவர் போய் நிற்க முடியாது. மாவட்டத்தில் பதிவுள்ள ஒரு பெண்கள் அமைப்புடனோ சமூக அமைப்புடனோ கூட்டுச் சேர வேண்டும். தூதரகங்களின் சிறு மானியங்கள் இன்னொரு வகை. கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியத்துக்கு, உள்ளூர்த் திட்டம் ஒன்றைச் செய்யும் கல்வி நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். இவற்றில் அழைப்பு வந்து முடிவுத் திகதி வர சில வாரங்கள்தான் இருக்கும். எனவே 3ஆம் படியில் சொல்லும் கோப்பை அழைப்பு வருவதற்கு முன்பே கட்டி வையுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்து அதன்மூலம் பணம் எடுப்பது முதல்தடவைக்காரருக்கான வழி அல்ல. பல்கலைக்கழகத்தின் மூதவை (செனற்), பேரவை (கவுன்சில்), அதற்கு மேலுள்ள அனுமதிகள் என்று போகும். உங்கள் ஆய்வேடு முடிந்த பிறகுதான் கையொப்பம் வரும்.

கூட்டுச் சேரும் அமைப்புடன் பேச வேண்டியது இரண்டே விடயம், இரண்டையும் எழுத்தில் வையுங்கள்: பணம் யாருடைய கணக்குக்கு வரும், பேட்டிகளின் ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும். எந்த நிலையிலும் பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வர விடாதீர்கள். "அவசரம், தம்பியின் கணக்குக்குப் போடுகிறோம்" என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் இருப்பார்கள். பிறகு கணக்காய்வுக்குப் பதில் சொல்வது நீங்கள்தான். மனித உரிமை என்ற சொல் உள்ள வேலையில் அந்தக் கேள்வி கணக்காய்வோடும் நிற்காது.

3. கோப்பைக் கட்டுங்கள்

ஒரு கடினமட்டைக் கோப்பு, அதே ஒழுங்கில் ஒரு கணினிக் கோப்புறை. உள்ளே இருக்க வேண்டியவை:

- ஒரு பக்கக் கருத்துச் சுருக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும்
- 5 முதல் 8 பக்க முன்மொழிவு
- பாதீடும் அதற்குரிய விலைமனுக்களும் (கடைகள் எழுத்தில் தரும் விலை விபரம்)
- மேற்பார்வையாளரின் கடிதம், துறைத் தலைவரின் பரிந்துரை
- பீடச் சபையில் எடுக்கப்பட்டதற்கான குறிப்பு, கூட்டத் திகதியுடன்
- ஆய்வில் பங்குபற்றுவோருக்குப் பாதிப்பு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி, அல்லது விண்ணப்பித்ததற்கான கடிதம்
- கூட்டு அமைப்பின் சம்மதக் கடிதமும் பதிவுச் சான்றிதழின் பிரதியும்
- மாணவர் அடையாள அட்டைப் பிரதி, சுயவிபரக் கோவை

பீடச் சபை மாதத்தில் ஒருதடவை கூடும். நிகழ்ச்சி நிரல் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே மூடப்படும். அந்தத் திகதியைப் பீடாதிபதி அலுவலக எழுதுவினைஞரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு நாள் பிந்தினால் 30 நாள் போகும்.

தலைப்பைப் பற்றி ஒரு விடயம். முன்மொழிவில் நீங்கள் இடும் தலைப்பு அதோடு நிற்பதில்லை. பிரதேச செயலாளருக்கான கடிதம், வாடகை வானின் பில், மண்டபப் பதிவு, பங்குபற்றுநர் கையொப்பத் தாள் எல்லாவற்றிலும் அது வந்து உட்காரும். வாகரையில் ஒரு வீட்டு வாசலில் அந்தத் தாளை நீட்டும்போது பக்கத்து வீட்டுக்காரரும் வாசிப்பார். எனவே உண்மையான, அமைதியான, ஒரு நடைமுறையைச் சுட்டும் தலைப்பு வையுங்கள். "காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் காணக்கிடைக்காமைச் சான்றிதழைப் பெறுவதில் எதிர்கொள்ளும் தடைகள்" என்பது ஆய்வுக் கேள்வியையும் சொல்கிறது, வாசலில் நிற்கும் அம்மாவையும் காக்கிறது. எதையும் மறைக்கச் சொல்லவில்லை. முழக்கமாக எழுதினால் நெறிமுறைக் குழுவும் திருப்பி அனுப்பும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறோம்.

ஆய்வுக்கு அரச ஆவணம் தேவையென்றால் கோப்பு கட்டும்போதே தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். நீடிப்புக் கேட்டால் இன்னும் 21 நாள் போகலாம். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைக் கோப்பில் ஒட்டுங்கள். நாட்களை எண்ண அதுதான் ஆதாரம்.

4. பாதீடு: எண்ணிக்கையில் தொடங்கி ரூபாவில் முடியுங்கள்

"பயணம் 50,000, தட்டச்சு 30,000" என்று வட்டத் தொகை எழுதினால் குழு பாதியாக வெட்டும், உங்களிடம் மறுத்துப் பேச ஒன்றும் இருக்காது. அலகு, எண்ணிக்கை, வீதம் என்று உடைத்து எழுதினால் வெட்டுபவர் எந்தப் பேட்டியை விடச் சொல்கிறார் என்று அவரே சொல்ல வேண்டி வரும்.

20 பேட்டி, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத்தாக்க அனுபவமுள்ளவருக்கே 5 முதல் 7 மணித்தியாலம் போகும். அழுகை, இடைநிறுத்தம், பேச்சுத்தமிழ் எல்லாம் உள்ள பேட்டிக்கு 6 என்று கணக்கிடுங்கள். மொத்தம் 120 மணித்தியாலம். ஒருவர் ஒரு நாளில் கவனமாக 6 மணித்தியாலத்துக்கு மேல் இதைச் செய்ய முடியாது. ஆக 20 நாள் வேலை. புதியவர்கள் இதற்கு 5 நாள் போட்டுவிட்டுப் பிறகு தாங்களே இரவிரவாக இருந்து எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். அறிக்கையில் மேற்கோள் காட்டும் பகுதிக்கு மட்டும் போடுங்கள்.

பயணத்தையும் இப்படித்தான். ஒலுவிலிலிருந்து பாணமைக்குப் போய்வர ஏறத்தாழ 140 கிலோமீற்றர். 4 நாள் என்றால் 560. வாடகை வானுக்குக் கிலோமீற்றருக்கு 150 ரூபா என்று விலைமனு வந்தால் 84,000 ரூபா. சாரதி காத்திருக்கும் நேரத்துக்குத் தனியாகக் கேட்பாரா என்பதை விலைமனுவிலேயே எழுத வையுங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் போவதென்றால் சாதாரண வான் ஒத்துவராது, மழைக்குப் பிறகு பாதையே இருக்காது. அதற்குத் தகுந்த வாகனத்தின் விலைமனுவை வேறாக எடுங்கள்.

பலரும் மறந்துவிடும் வரிகள் சில. பேட்டி தருபவரின் பஸ் செலவு. அன்று கூலிக்குப் போகாமல் வருபவருக்கு அந்த நாள் கூலி. இதை ஊரில் நிலவும் நாட்கூலிக்கு மேல் வைக்காதீர்கள், பணத்துக்காகப் பேசவைத்தது என்று நெறிமுறைக் குழு கேட்கும். சிறு குழந்தையோடு வரும் தாய்க்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பெண்களிடம் பேசப் பெண் உதவியாளர், அம்பாறை சிங்களக் கிராமங்களுக்குச் சிங்களம் தெரிந்த உதவியாளர். உளவளத் துணையாளர் ஒருவருக்குப் பேட்டி நாட்களில் கட்டணம். இந்தக் கடைசி வரியை வெட்ட விடாதீர்கள். காணாமல்போன மகனைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசிய அம்மாவை அப்படியே பஸ் ஏற்றி அனுப்பக்கூடாது. தகவல் தாளில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அச்சிடுங்கள்.

வரிகள்: பெறுமதி சேர் வரி 18 வீதம். மூன்று விலைமனுவில் ஒன்று வரியோடு, இரண்டு வரியில்லாமல் வந்தால் ஒப்பிட முடியாது என்று நிதிக்கிளை திருப்பும். மூன்றிலும் "வரி உட்பட" அல்லது "வரி நீங்கலாக" என்று எழுதி வாங்குங்கள். வளவாளர், ஆலோசகர் போன்ற தனிநபருக்கு ஒரு மாதத்தில் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் போனால் 5 வீதம் பிடித்துவைக்கப்படும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காசோலை கைக்குப் போன பிறகு சொன்னால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

கட்டண வீதங்களை நீங்களாக நிர்ணயிக்காதீர்கள். வருகை விரிவுரையாளர், மொழிபெயர்ப்பாளர், ஆய்வு உதவியாளர் ஆகியோருக்கு உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கும் உச்ச வீதத்தை நிதிக்கிளையில் கேட்டு எழுதுங்கள். வெளிப்பணத்தில் பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவென்று ஒரு வீதத்தை எடுக்கும். அதையும் முன்பே கேட்டுப் பாதீட்டுக்குள் போடுங்கள். "ஏனைய செலவுகள்" என்ற வரி அநேகமாக வெட்டப்படும். எதிர்பாராச் செலவுக்கு இடம் வேண்டுமென்றால் கள நாட்களை ஒன்றிரண்டு கூட்டிக் கேட்டு, காரணத்தையும் எழுதுங்கள்: மழை, ஹர்த்தால், மரணவீடு.

5. நெறிமுறை அனுமதி, ஆட்களின் பெயர்

அனுமதிக்கு விண்ணப்பித்து 2 முதல் 3 மாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். திருத்தம் கேட்டுத் திரும்பி வருவது வழமை. அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியை ஆய்வில் சேர்க்க முடியாது. "பின்னேரம் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று போய் ஒலிப்பதிவு செய்யாதீர்கள்.

சம்மதப் படிவத்தைப் புத்தகத் தமிழில் எழுதாமல், ஊரில் பேசுவதுபோல் எழுதுங்கள். கையொப்பம் கேட்பதே சிலருக்குப் பயம் தரும். வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் நம் மாவட்டங்களில் குறைவல்ல. வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவின் தொடக்கத்தில் பெறலாம் என்று விண்ணப்பத்திலேயே கேட்டு அனுமதி எடுங்கள். பிறகு கேட்டால் மறுபடி முதலில் இருந்து.

இனி, அதிகம் பிழை நடக்கும் இடம். நிதிக்கிளை பஸ் செலவுக்கு ஆட்களின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் கேட்கும். பணம் தரும் நிறுவனமும் வருகைத் தாளில் தொலைபேசி இலக்கம், புகைப்படம் எல்லாம் கேட்கும். நீங்களோ நெறிமுறைக் குழுவிடம் பெயரை வெளியிட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே தாளில் செய்தால், யார் என்ன விடயம் பேச வந்தார் என்ற பட்டியல் பல மேசைகளில் கிடக்கும். அந்தத் தாள் பிறகு எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

இப்படிப் பிரியுங்கள். கொடுப்பனவுத் தாளில் மேலே திட்ட இலக்கம், "களப்பணிப் பயணக் கொடுப்பனவு" என்ற சொல், திகதி. தலைப்பு வேண்டாம், கிராமத்தின் பெயரும் வேண்டாம். பேட்டிகளுக்குக் குறியீடு: 01, 02 என்று. பெயரையும் குறியீட்டையும் சேர்க்கும் ஒற்றைத் தாள் முதன்மை ஆய்வாளரின் பூட்டிய அலுமாரியில், ஒலிப்பதிவு வேறு இடத்தில். கூடுமானால் பயணச் செலவைக் கூட்டு அமைப்பே கொடுத்து, மொத்தத் தொகைக்கு ஒரே பற்றுச்சீட்டைத் தரும்படி ஒழுங்கு செய்யுங்கள். இந்த ஏற்பாட்டை நிதியாளருக்கு முன்மொழிவுக் கட்டத்திலேயே எழுதி, "ஏற்றுக்கொள்ளப்படும்" என்ற பதிலைக் கோப்பில் வையுங்கள். பணம் செலவழித்த பிறகு சொன்னால் ஏற்க மாட்டார்கள், அதில் அவர்கள் பிழையும் இல்லை. பணம் தரும் நிறுவனத்திடமும் ஒப்பந்தத்துக்கு முன் பேசுங்கள்: பெயர்ப்பட்டியலுக்குப் பதில் எண்ணிக்கை, பால், பிரதேச செயலகப் பிரிவு மட்டும் தருகிறோம் என்று.

ஒலிப்பதிவுக்குத் தனிக் கருவி வாங்குங்கள். கைப்பேசியில் பதிந்தால் அது தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏறிவிடும். வேறு வழியில்லை என்றால் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தி, விமானப் பயண நிலையில் வைத்துப் பதியுங்கள். அன்று இரவே கடவுச்சொல் இட்ட வன்தட்டுக்கு மாற்றி, கைப்பேசியில் அழியுங்கள்.

களத்துக்குப் போகும்போது துறைத் தலைவரின் கடிதத்தின் 3 பிரதிகளும் மாணவர் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். சிவில் உடையில் யாரும் வந்து கேட்டால் கடிதத்தைக் காட்டுங்கள், துறையின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், பேட்டி கண்டவர்களின் பெயரைக் கொடுக்காதீர்கள். கேட்டவரின் பெயர், பதவி, நேரம் ஆகியவற்றைக் குறித்து அன்றே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். தொல்லை தொடர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற உடனடி இலக்கம் இருக்கிறது.

6. பணம் கைக்கு வரும் வழி

மானியம் கிடைத்தது என்ற கடிதம் பணம் அல்ல. திட்டத்துக்கு ஒரு கணக்கு இலக்கம் திறக்கப்பட்ட பிறகுதான் எதையும் செலவழிக்கலாம்.

பொருளோ சேவையோ வாங்க மூன்று விலைமனு. மூன்றும் வெவ்வேறு கடைகளாக, கடிதத்தலைப்பில், திகதியும் எத்தனை நாள் செல்லுபடியாகும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே அச்சகத்தில் மூன்று தலைப்பில் அடித்துக் கொண்டுவரும் வேலை செய்யாதீர்கள். எழுத்துருவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அது உங்கள் பெயரில் ஒட்டிக்கொள்ளும்.

திகதிகளின் ஒழுங்கை மனப்பாடமாக வைத்திருங்கள்: விலைமனு, அனுமதி, கொள்வனவுக் கட்டளை, பொருள் பெற்றமை, பில். அனுமதித் திகதிக்கு ஒரு நாள் முந்திய பில் இருந்தாலும் வவுச்சர் (பணம் கேட்டு நிதிக்கிளைக்குக் கொடுக்கும் படிவம்) திரும்பும். பனர் அடித்த கடைக்காரர் "நேற்றே அடித்துவிட்டேன் தம்பி" என்று பழைய திகதியில் பில் எழுதுவது அடிக்கடி நடக்கும். பில் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

முற்பணம் அநேகமாகப் பதவிநிலை உத்தியோகத்தருக்குத்தான் கொடுக்கப்படும், அதாவது விரிவுரையாளர் பெயரில். அரச நிதிப் பிரமாணம் 371இன் கீழ் வரும் இப்படியான முற்பணத்தை வேலை முடிந்த உடனே தீர்த்துவிட வேண்டும். ஒன்றைத் தீர்க்காமல் அடுத்தது கிடையாது. மாணவர்கள் பில்களைத் தாமதிப்பதால் அந்த ஆசிரியரின் அடுத்த ஆண்டு வேலையே நின்றுபோகும். நிகழ்வு முடிந்த மறுநாள் காலை எல்லா பில்களும் மேசைக்கு வர வேண்டும் என்று குழுவுக்குள் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வவுச்சரோடு போக வேண்டியவை: அனுமதிக் கடிதத்தின் பிரதி, மூன்று விலைமனுக்களின் மூலப்பிரதி, கொள்வனவுக் கட்டளை, மூல பில், "பொருள் நல்ல நிலையில் கிடைத்தது" என்ற முதன்மை ஆய்வாளரின் கையொப்பம், நிகழ்வென்றால் நிகழ்ச்சி நிரல். ஓட்டோவுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் பில் கிடைக்காது. அதற்குத் திகதி, எங்கிருந்து எங்கே, வாகன இலக்கம், தொகை, காரணம் எழுதி, சாரதியிடமோ பயணித்தவரிடமோ கையொப்பம் பெற்ற தாள் வேண்டும். எந்தத் தொகைவரை அதை ஏற்பார்கள் என்று முன்பே கேளுங்கள். எரிபொருள் நிலையம், சுப்பர் மார்க்கெட் தரும் வழுவழுத் தாள் பில்கள் நம் வெயிலுக்குச் சில வாரத்தில் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோகொப்பி எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள்.

வவுச்சரைக் கொடுக்கும்போது பதிவுப் புத்தகத்தில் இலக்கமும் திகதியும் இட வையுங்கள். வாரம் ஒருதடவை நேரில் போய் அது எந்த மேசையில் இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். காசோலை வரும்வரை 4 முதல் 8 வாரம் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அதற்குள் கடைக்காரர் பொறுப்பாரா என்பதைக் கட்டளை கொடுக்கும்போதே கேட்க வேண்டும்.

7. நாட்காட்டி

நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. நிதிக்கிளை டிசம்பர் முதல் வாரங்களிலேயே பில் ஏற்பதை நிறுத்திவிடும். ஜனவரியிலும் புதிய ஒதுக்கீடு வர நேரமெடுக்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. களப்பாதைகள் வெள்ளத்தில் இருக்கும்.

இதனால்தான் டிசம்பர் 10, மனித உரிமைகள் தினம், பணரீதியில் மிக மோசமான நாள். புதியவர்கள் எல்லோரும் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வேண்டாமென்று சொல்லவில்லை. அன்றுதான் செய்வதென்றால் ஓகஸ்டிலேயே அனுமதி எடுத்து, பனர், அச்சுவேலை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் நவம்பருக்குள் கட்டளை கொடுங்கள். டிசம்பரில் வரும் பில் தேநீருக்கு மட்டும் இருக்கட்டும். முடியுமென்றால் மார்ச் 8, ஓகஸ்ட் 30, செப்டெம்பர் 28 ஆகியவற்றைப் பாருங்கள்: மகளிர் தினம், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தினம், தகவல் அறியும் உரிமைத் தினம். பணம் இலகுவாக நகரும்.

களப்பணிக்கு ஏப்ரலுக்குப் பிறகு செப்டெம்பர் வரை நல்லது. பெரும்போக அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலில் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கிராமங்களுக்கு நீண்ட பேட்டி வைக்காதீர்கள். கோயில் திருவிழா நாட்களை ஊரில் ஒருவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், கலண்டரில் எல்லாம் இருக்காது.

8. வளாக நிகழ்வுக்கு மட்டும்

மண்டபக் கடிதம், வெளிப் பேச்சாளர் பெயர்கள், வாகன இலக்கங்கள் மூன்றும் குறைந்தது 3 வாரத்துக்கு முன் பீடாதிபதி ஊடாகப் போக வேண்டும். வாயிற்காவலில் பேச்சாளர் நிற்கும்போது கடிதம் தேடக்கூடாது. அனுமதிப் பிரதி ஒன்றை முதல்நாளே பாதுகாப்புப் பிரிவில் கொடுங்கள். பேச்சாளர் கடைசி நேரத்தில் மாறினால் புதிதாகக் கடிதம் கொடுங்கள். மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்ததால் நிகழ்வே நிறுத்தப்படலாம்.

வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ இருக்கிறது. காலை 9க்குத் தொடங்கி 12.30க்கு முடித்தால் மதியச் சாப்பாட்டுச் செலவு இல்லை. 80 பேர் என்றால் 90 தேநீர், 90 சிற்றுண்டி சொல்லுங்கள். சிற்றுண்டி மரக்கறியாக இருந்தால் எல்லோருக்கும் பொதுவாகும். சாட்சியம் சொல்ல வெளியிலிருந்து வருபவர்கள் இருந்தால் படம் எடுக்க விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டு, விரும்பாதவர்களை ஒரு பக்கமாக இருத்தி, படம் பிடிப்பவருக்கு அதைக் காட்டிக்கொடுங்கள். மேடையில் நின்று பொதுவாகக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

9. முடிக்கும்போது

நிதி அறிக்கையும் வேலை அறிக்கையும் கடைசிக் கொடுப்பனவோடு பிணைக்கப்பட்டிருக்கும். கடைசி 10 அல்லது 20 வீதம் அறிக்கைக்குப் பிறகுதான் வரும் என்றால், அந்தத் தொகையை எழுத்தாக்கக் கூலியில் கடன் வைக்காதீர்கள். அச்சுச் செலவில் வையுங்கள். மிஞ்சிய பணத்தை வேறு வரிக்கு மாற்ற வேண்டுமானால் செலவுக்கு முன் எழுத்தில் அனுமதி.

அறிக்கையின் 4 பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அச்சிட்டு, பேட்டி தந்தவர்களிடம் கூட்டு அமைப்பின்மூலம் சேருங்கள். இதற்கான செலவைப் பாதீட்டில் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். கணக்காய்வு ஓர் ஆண்டு கழித்தும் வரலாம், எனவே நிதிக் கோப்பின் முழுப் பிரதி துறையில் இருக்கட்டும். பெயரையும் குறியீட்டையும் சேர்க்கும் அந்த ஒற்றைத் தாளை, நெறிமுறைக் குழுவுக்குச் சொன்ன திகதியில், மேற்பார்வையாளர் முன்னிலையில் அழித்து, அழித்த திகதியை எழுதி இருவரும் கையொப்பமிட்டு அதைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.